குலுங்கிப் போகச் சம்மதித்த சாமி

லீஷான் மலைச்சாலையில் என் நூடுல்ஸ் கடைக்கு நேர் எதிரே பீலியெனின் லாரிப் பட்டறை. அவள் புருஷன் ஆலூங் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவன் இருந்தவரை இந்த மலையில் முட்டைக்கோஸ் ஏற்றும் நீல லாரி எல்லாம் அங்கேதான் நிற்கும். அவன் போனபிறகு ஜனங்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டு, லாரியைக் கீழே இலான் டவுன் வரைக்கும் இறக்கி வேறு பட்டறையில் விட்டார்கள். அவளுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவெடுத்தது ஆலூங், இவள் கூட நின்றவள், அவ்வளவுதான் என்பது ஊரின் கணக்கு. இந்த ஊரின் கணக்கு எனக்கு எப்போதும் எரிச்சல்தான்.

இந்த வருஷம் எங்கள் ஊர் குவான் கோங் சாமியை மலைக்குக் கீழே உள்ள அவருடைய தாய்க் கோயிலுக்கு எந்த லாரியில் கொண்டுபோவது என்று வழக்கம்போலப் பிறை வடிவ மரக்கட்டைகளைப் போட்டுக் கேட்டார்கள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். கிம்சுவான் பெயரைச் சொன்னதும் மூன்று தடவை தொடர்ந்து அப்படியே விழுந்தது. ஊரிலேயே அதிகம் கடகடக்கும் லாரி அவனுடையது. சாமிக்குக் காது மந்தம் போல.

மறுநாளே விடியலில் புறப்பட நல்ல நேரம் குறித்திருந்தார்கள். இலானுக்குப் போய்த் திரும்ப நேரமில்லாததால், அன்று காலையே கிம்சுவான் லாரியைப் பீலியெனிடம் கொண்டுவந்தான்.

"அக்கா, முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுது. கமான் பட்டையும் ஷாக்கும் மாத்திடு. சாமி குலுங்காம போகணும்."

அவள் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாள். டயரின் மேலேயும் கீழேயும் கையை வைத்து ஆட்டிப் பார்த்தாள். இடது சக்கரம் ஆடியது. வலதும் ஆடியது.

"பட்டை தேஞ்சிருக்கு, வாஸ்தவம். ஆனா கிங்பின் அதைவிட மோசம். சக்கரத்தைத் தாங்குறதே அதுதான். வளைவுல அது விட்டுப்போச்சுன்னா குலுங்க ஆளே இருக்காது."

"சாமியே தேர்ந்தெடுத்த லாரி அக்கா இது. மோசமா இருந்தா எடுத்திருப்பாரா?"

"லாரியைத்தான் எடுத்தாரு. அடியில படுத்து கிங்பின்னைப் பாத்தாரா?"

கோயில் தர்மகர்த்தா ஷுய்மு வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டியவர், மாலைச் சடங்குக்காகக் காலையிலேயே பட்டு அங்கி போட்டுக்கொண்டு திரிபவர். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியாது, ஒன்றுதான் என்று அவள் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"ஆலூங் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"அவரு இல்ல. நான் சொல்றேன், கிங்பின்."

சாமியிடமே கேட்டுவிடலாம் என்று கோயிலுக்குப் போனோம். கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன். பட்டையை மாற்றலாமா என்று தர்மகர்த்தா கேட்டார். சம்மதம் விழுந்தது. கிங்பின்னை மாற்றலாமா என்று பீலியென் கேட்டாள். அதற்கும் சம்மதம். தாமதமாகப் புறப்படலாமா என்றதற்கு இரண்டு கட்டையும் குப்புற விழுந்தன, கூடாது. எல்லோரும் முழித்தார்கள். பீலியென் கட்டைகளை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"சாமி, வழியெல்லாம் குலுங்கும். உடம்பு வலிக்கும். பொறுத்துக்குவீங்களா?"

இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். மறுபடியும் சிரித்தார். அடுத்து மூன்று தடவை விடாமல் சம்மதம் விழுந்தது. தர்மகர்த்தா கிங்பின்னுக்கே ஒப்புக்கொண்டார். ஆனால் பட்டறைப் பக்கம் நடக்கும்போது, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் 'பாப்போம்' எதை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலை சரியாக அமைந்தால் ஊர் லாரிகள் திரும்ப வரும். இல்லையென்றால் அவள் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

இடது கிங்பின் இறுகிப்போயிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்கச் சக்கரக் குடத்தைக் கழற்றாமலே அடிக்க ஆரம்பித்தாள். மத்தியானம் வரை சுத்தியல் சத்தம். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது வெளியே வந்த பின்னைத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று இருந்தது. தேய்மானமே இல்லை. உடனே சக்கரக் குடத்தின் மூடியைத் திறந்தாள். உள்ளே பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் நட்டு விரலாலேயே சுற்றியது.

"நட்டு லூசு" என்றாள். "ஆடினது பேரிங். கிங்பின் இல்ல."

"முதல்லயே பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"சக்கரத்தை ஆட்டும்போது ஒருத்தர் மேல உக்காந்து பிரேக்கை மிதிக்கணும். மிதிச்சதும் ஆட்டம் நின்னா பேரிங். நிக்கலன்னா கிங்பின். அவரு ஆட்டுவாரு, நான் மிதிப்பேன்."

இந்த இரண்டு வருஷத்தில் மிதிக்க ஆளில்லாமல் தனியாக ஆட்டிப் பார்த்து, வந்த கொஞ்சநஞ்ச லாரிகளில் எத்தனை நல்ல பின்களைப் பிடுங்கிப் போட்டாளோ. அவளும் அதைத்தான் யோசித்திருப்பாள். சோறு ஆறிப்போனது.

இடது பக்கம் புதுப் பின்னைப் போட்டு, நட்டை இறுக்கி மூடினாள். வலதையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் சொல்லியும் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"நான் சொன்னது தப்பு. இடது கிங்பின் நல்லாத்தான் இருந்துச்சு. பட்டை மாத்த இனி நேரமில்ல. வலதையும் தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு. யாராவது வந்து பிரேக்கை மிதிக்கணும்."

கிம்சுவான் தலையில் கை வைத்தான். "சாமியைச் சும்மா குலுங்க வெச்சிட்டியே அக்கா."

தர்மகர்த்தா எழுந்து அவள் அருகே வந்தார். ஆலூங் பெயர் இந்தத் தடவை அவர் வாயில் வரவில்லை.

"சம்மதிச்சவரு குலுங்கட்டும்" என்றார். "வா, நான் மிதிக்கிறேன்."

பட்டு அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முனகியபடி ஓட்டுநர் சீட்டில் ஏறினார். பீலியென் வலது சக்கரத்தின் முன்னால் குந்தி டயரைப் பிடித்தாள்.

"மிதிங்க."

"மிதிச்சாச்சு" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அவள் ஆட்டினாள். சக்கரம் அசையவில்லை. இருந்தும் டயரை விடாமல் நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆடுதா?"

"ஆடல."

"அப்ப எடுத்துடவா?"

"வேணாம்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் மிதிச்சுக்கிட்டு இருங்க."

அவளாக எழுந்திருக்கும்வரை கிழவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.