பச்சை வெளிச்சத்தில் பெரியையாவும் சின்னையாவும்

எண்பத்தாறாம் ஆண்டளவில் நான் துவக்குப் பிடிக்கப் பழகினேன். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் நம்புவதில்லை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கோப்பாயில் வீடு, உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் சவூதியில். வீட்டில் நானும் மாமியும் ஒரு பசுவும்தான்.

பொலிஸ்காரர்கள் தங்கள் ஸ்ரேசனை விட்டு வெளியே வராத காலம் அது. அதனால் கள்ளருக்குக் கொண்டாட்டம். முதலில் கோழிகள் போயின. பிறகு கட்டித் தூக்கியிருந்த வெங்காயப் பிடிகள் போயின. கடைசியில் ஒரு தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசினையே கிணற்றடியிலிருந்து கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம் போட்டு ஊர்க்காவல் குழு அமைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது முடிவு. எங்கள் வீட்டில் மாமிக்கு முழங்கால் வலி. பசுவை அனுப்ப முடியாது.

"நீ போ பிள்ளை. ஆம்பிளையள் என்ன பெரிசாக் கிழிச்சவை?" என்று மாமியே அனுப்பிவைத்தார்.

குழுவிடம் ஒரேயொரு துவக்குத்தான் இருந்தது. யாரோ ஒருவர் முன்பு வன்னிக்கு வேட்டைக்குப் போய்வந்த காலத்துத் துவக்கு. அதைவிடப் பெரிய சொத்து வேறொன்று இருந்தது. பருத்தித்துறையிலிருந்து எங்கள் ஊரில் பெண் எடுத்தவர் ஒருவர், கப்பலில் வேலை செய்தவர், விடுமுறையில் வந்து நின்றார். ஊரே அவரைக் கப்பல் அண்ணை என்றுதான் கூப்பிடும். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சாமான் விற்கிற சந்தையில் அவர் இருட்டில் பார்க்கிற கண்ணாடி ஒன்று வாங்கி வைத்திருந்தார். பெரிய ரோச் லைற் அளவு இருக்கும், அதைவிடப் பாரம். பற்றறி போட்டு ஒற்றைக் கண்ணை அதில் வைத்தால் காதடியில் நுளம்பு இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பிறகு இருட்டெல்லாம் பச்சையாகத் தெரியத் தொடங்கும்.

"இதைத் துவக்கிலை கட்டிப்போட்டுப் பழகினமெண்டால் கள்ளன் தப்பேலாது" என்றார் கப்பல் அண்ணை. கட்டுவதற்கு ஏற்ற சாமான் ஒன்றும் இல்லாததால் பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிக் கட்டினார்கள். பார்க்க, கால் முறிந்த ஆட்டுக்குப் பத்துப் போட்ட மாதிரி இருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பகல் வெளிச்சம் பட்டால் கண்ணாடி பழுதாகிவிடும். இரவில் பழகலாம் என்றால், கள்ளருக்கு முன்னால் நாங்களே ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வோம் என்ற பயம். ஆகவே பட்டப்பகலில், புகையிலைக்குப் புகை போடுகிற குடில் ஒன்றுக்குள் பயிற்சி நடந்தது. யன்னல் இல்லாத மண்சுவர்க் குடில். கதவைச் சாத்தினால் கையை முகத்துக்கு நேரே பிடித்தாலும் தெரியாது. கூரையில் ஊசித் துளை மாதிரி ஒன்றிரண்டு ஓட்டைகள் உண்டு. கண்ணாடிக்கு அந்த வெளிச்சமே போதும். உள்ளே போய் வருகிறவர்கள் எல்லோரும் கரி பூசிய முகத்தோடுதான் வருவார்கள். வெளியே வரிசையில் நிற்கிற நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம்.

பயிற்சி இப்படி: ஒருவர் தோட்டா போடாத துவக்கோடு கதவடியில் இருக்க, இரண்டு பேர் கள்ளராகக் குடிலின் மறுபக்கத்துக்குப் போவார்கள். கள்ளர் அசைவதைக் கண்டால் "கண்டிட்டன்" என்று சொல்லி விசையை இழுக்கவேண்டும். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஆளைச் சரியாகச் சொன்னால் பாஸ்.

முதல் நாள் சந்திக் கடை முதலாளி கள்ளர் யார் யார் என்று பாராமலே மூன்று முறை 'டிக்' அடித்தார்.

"முதலாளி, நீங்கள் இப்ப என்னையும் சேத்துச் சுட்டுப்போட்டியள்" என்றார் பக்கத்தில் இருந்த கப்பல் அண்ணை.

இரண்டாம் நாள் என் முறை வந்தது. கள்ளராகப் போக ஆள் தேடிய கப்பல் அண்ணை, வரிசையின் இரண்டு முனையில் நின்ற இரண்டு பேரைக் கைகாட்டினார். "நீங்களும் நீங்களும் போங்கோ."

வரிசையில் சிரிப்பு நின்றது. அவர் காட்டியது பெரியையாவையும் சின்னையாவையும். இருவரும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. எனக்கும் ஒரு வழியில் சொந்தம்; ஊர் முழுக்க அவர்களை அப்படித்தான் கூப்பிடும். பெரியையா தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். சின்னையா வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். வளவுகள் இரண்டும் அடுத்தடுத்து. ஒருமுறை வேலி அடைக்கும்போது நட்ட கதியால் அரையடி தள்ளிவிட்டது என்று தொடங்கிய சண்டை, கோட்டு வழக்கு வரை போனது. நாட்டுப் பிரச்சினையில் நீதிமன்றம் ஒழுங்காக நடக்கவில்லை. வழக்குப் பேசிய அப்புக்காத்தும் கனடாவுக்குப் போய்விட்டார். ஆனால் கோபம் மட்டும் ஒரு நாளும் ஒத்திவைக்கப்படாமல் நடந்துகொண்டிருந்தது. செத்த வீட்டிலும் ஒருவர் இருக்கிற பந்தலில் மற்றவர் இருக்கமாட்டார். கப்பல் அண்ணை வந்தான் வரத்தான், இது தெரியாது. சொல்லவும் எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவர்கள் இருவருக்கும் ரோசம் விடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உள்ளே போனார்கள்.

கதவைச் சாத்தினார்கள். நான் கண்ணாடியில் கண் வைத்தேன். கொஞ்ச நேரம் பச்சை மூட்டம். பிறகு ஆட்கள் தெரிந்தார்கள். சின்னையா ஒரு மூலையில் குந்தியிருந்தார். பெரியையா மற்ற மூலைக்குத் தடவித் தடவிப் போனவர், அடுக்கியிருந்த விறகில் கால் தட்டித் தடுமாறினார். சின்னையா சட்டென்று எழும்பினார். இருட்டில் கைகளை நீட்டிக்கொண்டு வந்து அவர் தோளைக் கண்டுபிடித்தார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியைக் காலால் தேடி இழுத்து, அவரை அதில் இருத்தினார். வேட்டியில் ஒட்டிய கரியைத் தட்டியும் விட்டார். பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் தன் மூலைக்குப் போய்க் குந்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பெரியையா சேட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து இருட்டுக்குள் நீட்டினார். தோடம்பழ இனிப்பாகத்தான் இருக்கவேண்டும், அவர் எந்த நேரமும் வாயில் போட்டுக்கொண்டிருப்பது. ஆனால் நீட்டியது பிழையான பக்கம். கை சுவரைப் பார்த்து நின்றது. அப்படியே நின்றது. சின்னையாவுக்கு அது தெரியவா போகிறது? அவர் தற்செயலாக இருமினார். கை இருமல் வந்த பக்கம் திரும்பியது. பேப்பர் சரசரத்தது அவருக்குக் கேட்டிருக்கவேண்டும், எழும்பி வந்து அந்தக் கையைத் தேடிப் பிடித்து இனிப்பை வாங்கினார். பெரியவர்கள் இருவரும் இருட்டில் பிள்ளைகள் மாதிரி இனிப்புச் சூப்பிக்கொண்டிருந்தார்கள்.

என் விரல் விசைக்குப் போகவில்லை.

"என்ன ரீச்சர், தெரியுதோ?" என்று கப்பல் அண்ணை கேட்டார்.

"ஒண்டும் தெரியேல்லை அண்ணை."

அவர் துவக்கை மெல்ல வாங்கித் தானும் பார்த்தார். கனநேரம் பார்த்தார். இனிப்பு முடியுமட்டும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தொண்டையைப் பெரிதாகச் செருமி, "பற்றறி விழுந்துபோச்சு. எல்லாரும் வெளியிலை வாங்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே கதவோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார். கதவு திறந்தபோது இருவரும் இரண்டு மூலையில், முறைத்த முகத்தோடு இருந்தார்கள். வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

ரீச்சருக்குக் கண் பார்வை குறைவு என்று ஊரில் கதை பரவியது. கடை முதலாளி எனக்கு ஒரு கண்ணாடிக்கடை விலாசம்கூடத் தந்தார்.

பயிற்சியின் கடைசி நாள், பொழுதுபட்ட பிறகு, உண்மையான தோட்டா ஒன்று போட்டுச் சுட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சுடுகிற மரியாதை முதலாளிக்குக் கிடைத்தது. வெறும் தரிசுக் காணியில் ஒரு பால்மா ரின்னை வைத்துவிட்டு எல்லோரும் அவருக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நின்றோம். வெடி வெடித்தது. ரின் அசையவில்லை. சைக்கிள் ரியூப் கட்டு இளகி, கண்ணாடி பின்னால் வந்து முதலாளியின் புருவத்தில் குத்தியது. "ஐயோ, கள்ளன் அடிச்சுப்போட்டான்!" என்று அவர் கத்தியது பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும்.

புருவத்துக்கு மருந்து கட்டிய பிறகு கப்பல் அண்ணை கண்ணாடியைத் துவக்கிலிருந்து கழற்றினார். "இனி ரெண்டும் ஒரு கையிலை வேண்டாம். ஒராள் பாக்கட்டும், ஒராள் துவக்கோடை இருக்கட்டும். பாக்கிற ஆள் சொன்னாலொழியத் துவக்கிலை தோட்டா போடக்குடாது. பாக்கிறது ரீச்சர்."

"கண் தெரியாத ஆளோ?" என்று முதலாளி கேட்டார்.

"ரீச்சருக்குத் தெரியவேண்டியது தெரியும்" என்றார் கப்பல் அண்ணை.

எங்கள் முதல் காவல் முதலாளியின் பாதி கட்டிய வீட்டின் மேல்தட்டில். நான், முதலாளி, கப்பல் அண்ணை. இரவுச் சாப்பாடு முடிந்து ஊர் விளக்கணைத்த நேரம். மாமி தந்துவிட்ட தேத்தண்ணிப் போத்தலைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. டக், டக் என்று, கத்தியால் எதையோ வெட்டுகிற சத்தம்.

"வந்திட்டான்!" முதலாளி தோட்டாவை எடுத்துவிட்டார்.

"பொறுங்கோ. நான் இன்னும் பாக்கேல்லை."

சத்தம் வந்த பக்கம் கண்ணாடியைத் திருப்பினேன். பெரியையா வீட்டுக்கும் சின்னையா வீட்டுக்கும் நடுவில் உள்ள வேலி. அங்கே ஓர் உருவம் கிடுகு ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை. ஆனால் ஒரு கையை இடுப்பில் குத்திக்கொண்டு கொஞ்சம் கூனி நிற்கிற அந்த நிலையை எனக்குத் தெரியாதா? பெரியையா. கள்ளன் என்றால் பிரித்ததை எறிந்துவிட்டுப் போவான். இவர் வெட்டிய கட்டை, பிரித்த கிடுகு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்தார். ஆள் குனிந்து போகிற அளவுக்கு வேலியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அயலட்டையில் போக்குவரத்து உள்ள வீடுகளுக்கு நடுவில் வைக்கிற பொட்டு.

அப்போது அடுத்த வளவுக்குள்ளிருந்து இன்னோர் உருவம் வந்தது. கையில் பொல்லு. சின்னையா. அவர் வேலியருகே வந்து நின்றார். பெரியையாவின் கை நின்றது. பிறகு சின்னையா பொல்லைக் கீழே போட்டுவிட்டுக் குந்தி, அந்தப் பக்கத்திலிருந்து கிடுகை இழுக்கத் தொடங்கினார்.

"என்ன ரீச்சர்? ஆரது? எத்தினை பேர்?"

"மாடு" என்றேன். "ரெண்டு மாடு வேலியைத் தின்னுது."

"மாடோ டக்கு டக்கெண்டு வெட்டுது?"

"எங்கடை ஊர் மாடு வெட்டும்" என்றார் கப்பல் அண்ணை.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை என் கையிலிருந்து பறித்து, அடிபடாத கண்ணை வைத்துப் பார்த்தார். இனி ஊரே எழும்பப் போகிறது என்று நினைத்தேன். அவர் கனநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்துவிட்டுத் தோட்டாவைச் சேட்டுப் பைக்குள் போட்டார்.

"ஓம். மாடுதான்" என்றார். தேத்தண்ணியை அவரே ஊற்றித் தந்தார்.

விடிந்ததும் பெரியையா குழுவைத் தேடி வந்துவிட்டார். "என்ன காவல் காக்கிறியள்? இரவு கள்ளன் வந்து என்ரை வேலியைப் பிரிச்சுப்போட்டுப் போட்டான்!" அவர் முடிக்குமுன் மறுபக்கத்தால் சின்னையா வந்தார். அதே முறைப்பாடு, இன்னும் உரத்த குரலில். கப்பல் அண்ணை இரண்டு கையையும் கூப்பி, "மன்னிக்கவேணும், அந்த நேரம் கண் அயர்ந்திட்டம்" என்றார். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்கியதில் அவர் புருவத்துக் காயம் திரும்ப வலித்ததாம்.

அந்தப் பொட்டை யாரும் அடைக்கவில்லை. கள்ளன் வைத்த பொட்டைத் தாங்கள் ஏன் அடைக்கவேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சொல்லிக்கொண்டார்கள். முதலில் கோழிகள் போய்வந்தன. பிறகு கறிச்சட்டிகள். பிறகு பெரியையாவின் மனைவி. தைப்பொங்கலுக்குப் பெரியையாவே குனிந்து போனார் என்று மாமி வந்து சொன்னார்.

குழு அதிக காலம் நிலைக்கவில்லை. ஒரு நாள் இயக்கப் பெடியள் வந்தார்கள். துவக்கையும் கண்ணாடியையும் தரும்படி மரியாதையாகத்தான் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். கப்பல் அண்ணை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, திரும்பக் கப்பலுக்குப் போனார். கள்ளரை நாங்கள் ஒருவரையும் பிடிக்கவில்லை. ஆனால் ஊரில் காவல் இருக்கிறது என்ற கதை பரவியதாலோ என்னவோ, வெங்காயம் மட்டும் தப்பியது.

அடுத்த வருஷம் ஷெல் அடி தொடங்கியது. சின்னையா வளவில் பங்கர் வெட்டினார்கள். சத்தம் கேட்டதும் நானும் மாமியும் பெரியையா வளவுக்குள்ளால் ஓடி, பொட்டுக்குள்ளால் குனிந்து, பங்கருக்குள் இறங்குவோம். பெரியையா எங்களுக்கு முன்பே அங்கே இருப்பார். பங்கர் வாசல் கிழக்கே இருந்திருக்கவேண்டும் என்று அவரும், தெற்கேதான் சரி என்று சின்னையாவும், வெளியே வெடிக்கிற சத்தத்துக்கு மேலாகச் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தள்ளி இருங்கோ, என்ரை காலை நீட்ட இடமில்லை" என்பார் மாமி.