வாள்காரர், வசனக்காரர், பத்து மணிப் படம்

பழைய படம் போடுகிற வேலை என்று சொன்னால், "குடுத்து வச்சவ, உக்காந்து படம் பாக்குற" என்பார்கள். உண்மையில் அது போனைக் காதில் வைத்துக்கொண்டு வசவு வாங்குகிற வேலை. பேருந்தில் டிக்கெட் கிழிக்கிறவர்களே, ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களே, கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் முகம் கொடுக்கிற அத்தனை பேருமே, உங்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காளவாசலில் பைப் கடைக்கு மேலே மாடியில் ஒரு லோக்கல் கேபிள் சேனல். தினமும் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை பழைய படம். படத்தை எடுத்து வைப்பது, நடுவில் விளம்பரம் சொருகுவது, போனை எடுப்பது எல்லாம் நான்தான். ஒன்பது வருடம் பார்த்தேன். கடைசி வருடத்தில் தோசைக்கல் விற்கிற கம்பெனி ஒன்று அந்த மூன்று மணி நேரத்தையும் கேட்டு முதலாளியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் சரி என்றால் படமும் போச்சு, என் வேலையும் போச்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்னொன்று. எங்கள் ரசிகர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு வாள் சண்டை போடுகிற நாயகர் தெய்வம். இன்னொரு கட்சிக்கு வசனம் பேசி அழ வைக்கிற நாயகர் தெய்வம். யார் பெயரை முதலில் சொன்னாலும் சண்டை வரும் என்பதால், இருவர் பெயரையும் சொல்லாமலே பிழைக்கப் பழகிவிட்டேன். இங்கேயும் வாள்காரர், வசனக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்துக்கு நாலு

திங்கள் வாள்காரர் என்றால் செவ்வாய் வசனக்காரர். இந்த முறையை நான் ஒருநாளும் மாற்றியதில்லை. அப்படியும் வில்லாபுரம் ராஜாமணி அண்ணனிடம் தப்ப முடியவில்லை. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், வசனக்காரர் கட்சி. பத்து மணிக்கு நோட்டும் பேனாவுமாக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் போனில் கொதித்தார். தன் ஆள் படத்தில் ஐந்து தடவை விளம்பரமாம், முந்தின நாள் வாள்காரர் படத்தில் நாலே தடவையாம். "அண்ணே, இந்தப் படம் இருபது நிமிஷம் கூட ஓடுது, அதான்" என்றேன். பிரிந்துபோன தாயும் மகனும் சேருகிற இடத்தில் ஜவுளிக்கடை விளம்பரத்தைப் போட்டது எந்தக் கணக்கு என்று கேட்டார். அது கை தவறி அழுத்தியது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் விடுவதாக இல்லை.

"அழுக வர்ற நேரம் பாத்து அறுத்துவிட்டீகளே. வெளம்பரத்துல கூடவா தங்கச்சி ஓரவஞ்சன?"

நினைவு நாள்

வாள்காரரின் நினைவு நாளன்று ஒரு தப்பு செய்தேன். கடைசிக் காட்சியில் அவர் செத்துப்போகிற படத்தைப் போட்டுவிட்டேன். நல்ல பிரதி, படமும் நல்ல படம். அந்தக் கட்சிக்காரர்களுக்கு அவர் சாகிற படம் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மேலூரில் குவாரி லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர், "நெனவு நாளும் அதுவுமா அவர இன்னொரு தடவ கொன்னுட்டீகளே, நீங்கள்லாம் வெளங்குவீகளா" என்று ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் போனார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். போனை வைக்கிற உரிமை நமக்கு ஏது?

அடுத்த வருடம் புத்தி வந்து, அதே படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டினேன். குண்டு பாய்கிறது, மனிதர் மார்பைப் பிடிக்கிறார், உடனே 'வணக்கம்'. மேலூர்க்காரர் கூப்பிட்டு, இப்போதுதான் படத்தை ஒழுங்காக முடித்திருக்கிறீர்கள் என்று வாழ்த்தினார். நிம்மதியாக டீயை எடுத்து வாயில் வைத்தேன். அதற்குள் ராஜாமணி அண்ணன் லைனில் வந்துவிட்டார்.

"அவரு செத்த எடத்த மட்டும் வெட்டுனீகளா? எங்க ஆளு எத்தன படத்துல, எத்தன விதமாச் செத்தாரு. அதுல ஒரு சாவயாச்சும் வெட்டுனீகளா?"

சால்வை

வசனக்காரரின் பிறந்தநாள் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால், நாற்பது நாற்காலி, மாலை போட்ட படம். பழைய படங்களைக் காப்பாற்றும் சகோதரி என்று மைக்கில் சொன்னபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஒன்பது வருடத்தில் அந்த வேலைக்கு நாலு பேர் முன்னால் ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மேஜையில் மடித்த சால்வை இருந்தது. பச்சை நிறம், ஜரிகைக் கரை. எந்தப் புடவைக்குப் பொருந்தும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

போர்த்துவதற்கு முன்னால் ஒருவர் எழுந்து, இரண்டு பேரில் பெரிய நடிகர் யார் என்று சகோதரி தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். ஒரு பொய்தானே, சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் நாக்கில் சனி. இரண்டு பேருமே பெரியவர்கள் என்றேன். சால்வையை மைக்செட்காரருக்குப் போர்த்தினார்கள். நான் பாயசம்கூடக் குடிக்காமல் படியிறங்கும்போது பின்னால் ஒரு குரல் எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது.

"ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ற வாய்க்குச் சால்வ ஒரு கேடா?"

கோர்ட் சீன்

அவனியாபுரத்திலிருந்து ஒரு அம்மா பேசுவார். மெதுவான குரல், திட்டத் தெரியாதவர். கணவர் பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர். தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கையைத்தான் காட்டுவாராம். ஆனால் வசனக்காரர் கோர்ட்டில் கூண்டுக்குள் நின்று பேசுகிற படம் ஒன்று உண்டு. அது ஓடும்போது மட்டும் அந்த மனிதர் கூடவே முழு வசனத்தையும் சொல்கிறாராம், ஒரு வார்த்தை குழறாமல். சின்ன வயதில் இருபது தடவை பார்த்த படமாம்.

அந்தப் படத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட ஆரம்பித்தேன். அதற்காக வாள்காரர் கட்சியிடம் நான் வாங்கியதைத் தனியாகவே எழுதலாம். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாவையும் ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள். ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க உங்களுக்குச் சலிப்பாக இல்லையா என்று ஒருநாள் நான் கேட்டது தப்புதான்.

"அந்தச் சாக்குலயாச்சும் அவரு கொரலக் கேக்குறேன்ல தாயி. எங்கிட்டப் பேசலைன்னா என்ன, ஜட்ஜுகிட்டப் பேசுறாருல்ல."

வேண்டும், வேண்டாம்

முதலாளி கெட்டவர் இல்லை. தோசைக்கல்காரர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஜனங்களைக் கேட்டுப் பார்ப்போம் என்றார். 'காலைப் படம் தொடர வேண்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் போனில் சொல்லுங்கள்' என்று மூன்று நாள் திரையின் அடியில் எழுத்து ஓடியது. நான் எனக்குத் தெரிந்த ரசிகர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, "வேணும்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்ணே" என்று கெஞ்சினேன். அவனியாபுரத்து அம்மாவிடமும் சொன்னேன். ராஜாமணி அண்ணன், "நான் இருக்கேன் தங்கச்சி, நம்ம ஆளுக ஒருத்தர் விடாமப் பேசுவாக" என்றார். பேசினார்கள். மூன்று நாளும் போன் ஓயவில்லை. மேலூர்க்காரர், "மொதல்ல அந்த அழுமூஞ்சிப் படத்த நிப்பாட்டுங்க" என்றார். அடுத்தவர், "வாள வீசுறதெல்லாம் ஒரு படமா, அத எடுத்துருங்க" என்றார். எதிராளி படம் நின்றால் தன் ஆள் தினமும் வருவார் என்று ஒவ்வொருவருக்கும் கணக்கு. தன் ஆள் படமும் சேர்ந்து நிற்கும் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

முதலாளி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் கோடு போட்டார். வேண்டாம் என்கிற பக்கம் இடம் பத்தாமல் பின்பக்கம் திருப்பினார். வேண்டும் என்கிற பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. அவர்கள் சொல்வதற்கு அர்த்தம் அதுவல்ல என்று நான் எவ்வளவோ மன்றாடினேன். தாளை என் பக்கம் தள்ளினார்.

"இம்புட்டுப் பேரு வேணாங்குறத நான் எதுக்கும்மா ஓட்டணும்?"

திங்கட்கிழமை

என் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொள்ளப் போயிருந்தேன். மணி பத்தே கால். திரையில் ஒருவர் தோசையைத் திருப்பிப் போட்டு ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது, பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். அவனியாபுரத்து அம்மா. மூன்று நாளும் விடாமல் முயற்சி செய்தாராம், லைன் கிடைக்கவே இல்லையாம். வேண்டும் என்று சொல்ல இருந்த ஒரே ஆள். "இவரு டிவி முன்னாடி உக்காந்து வாயத் தொறக்குறாரு, மூடுறாரு, சத்தம் வரல" என்றார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. யார் மேல் காட்டுவது? படம் இனிமேல் வராதம்மா என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வைத்த கையோடு ராஜாமணி அண்ணன். கொஞ்சம் வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மனிதர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"நம்மாளு படம் போனாப் போகுது தங்கச்சி. அவுக படமும் நின்னுருச்சுல்ல, அது போதும்."

ஆகவே சக ஊழியர்களே, ஒருவரை உயிராக நினைக்கிறவர்களிடம் போய் எதையாவது காப்பாற்றித் தரும்படி மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவர்களுக்கு அடுத்தவன் சட்டையைப் பிடித்திருக்கிற கையை எடுக்க நேரமே இருக்காது.