தம்பட்டங்காய் விதை தேடிச் செந்துறைப் பக்கம்

மொட்டை மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வெண்டை, கத்தரி, கொத்தவரை விதையெல்லாம் எந்த உரக்கடையிலும் பாக்கெட்டில் கிடைக்கும். தம்பட்டங்காய் விதை கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். வாள் மாதிரி நீண்டு தொங்கும் பெரிய அவரை அது. கூட வேலை பார்க்கும் ஒருவரின் சாப்பாட்டு டப்பாவில் அதன் பொரியலைச் சாப்பிட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. செந்துறைப் பக்கம் தன் மாமன் மகள் செல்வி வீட்டில் விதை இருப்பதாக அவர் சொன்னார். ஆடியில் ஊன்ற வேண்டுமே என்று 2006 ஆனியில், இரவு ஷிப்ட் முடித்த கையோடு திருச்சியில் பஸ் ஏறினேன். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

அரியலூர் வரை இரண்டு மணி நேரம், இருபத்திரண்டு ரூபாய். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனதில் தூக்கமும் இல்லை, சட்டையின் நிறமும் மாறிவிட்டது. அங்கிருந்து டவுன் பஸ், ஏழு ரூபாய், நின்றபடியே. செந்துறைக்கு முன்பே இறங்கி முந்திரித் தோப்பு வழியாக இரண்டு கிலோமீட்டர் நடை. வெயிலில் அது இருபதாகத் தெரிந்தது.

செல்விக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். "வாங்க சார், குந்துங்க" என்று தண்ணீர் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து காய்ந்த காய்களை எடுத்து உடைத்தார். உள்ளே எல்லாம் கறுத்துப் பூஞ்சை பூத்திருந்தது.

"மழைக்கு வூடு ஒழுவுச்சு. இவ்வளவும் போயிட்டுதே!" காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்ற அவருக்கே ஒரு விதை மிச்சமில்லை.

"வேற யார்கிட்டயாவது இருக்குமாம்மா?"

"பக்கத்து வூட்டுல இருக்கு. எம் வூட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, மல்லிகா. போன வருஷம் அவ கொடி என் முருங்கையில ஏறிக் கெளைய ஒடிச்சுட்டுது. கோவத்துல வேரோட அறுத்து உட்டுட்டேன். அதுலேருந்து பேச்சில்ல. நீங்க போய்க் கேளுங்க, நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க."

வேலியைச் சுற்றித் தெருவழியாகப் போனேன். விதை கேட்டதும் மல்லிகா எதுவும் விசாரிக்கவில்லை. ஒரு டப்பாவைத் திறந்து, புளியங்கொட்டையைவிடப் பெரிய சிவப்பு விதைகளைக் கை நிறைய அள்ளிப் போட்டார். "ராத்திரி ஊறப்போட்டு, கண்ணு கீழ பாக்க ஊனுங்க. பந்தல் பலமா இருக்கணும்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "நீங்க செல்வி வூட்டுலேருந்து வந்தத பாத்தேன். இதுல பாதிய அவகிட்ட குடுத்துடுங்க. வூடு ஒழுவுனது எனக்கும் தெரியும். நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

மறுபடி தெரு, மறுபடி வெயில். பாதியை நீட்டினேன். செல்வி விதையைப் பார்த்ததுமே கண்டுகொண்டார். "செவப்பு வெத. இது அக்கா வூட்டுல மட்டுந்தான் உண்டு." உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். "மிதிபாவக்கா வெத, அந்தக் குட்டிப் பாவக்கா. அக்காகிட்ட குடுத்துட்டு வந்துடுங்களேன்."

எனக்குக் கால் எழும்பவில்லை. "இனி ஒரு அடி என்னால முடியாதும்மா. நீங்களே போய்க் குடுத்துடுங்க" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

என்னை முறைத்தார். பொட்டலத்தையே பார்த்தார். பிறகு வேலியை விலக்கிக்கொண்டு போனார். அப்புறம் மல்லிகாவின் குரல்: "அறுத்த கையால இப்ப வெத குடுக்க வந்தியாக்கும்?" செல்வியின் விசும்பல் கேட்டது. "சரி, உள்ள வா. வெயில்ல நின்னுக்கிட்டு அழுவாத."

செல்வி திரும்பி வரும்வரை காத்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியும் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் பஸ் குறைவு. தண்ணீரும் குடையும் அவசியம். காயைப் பிஞ்சாகப் பறித்து நாரெடுத்துச் சமையுங்கள். முற்றிய விதையைச் சும்மா வறுத்துத் தின்னாதீர்கள், வயிற்றுக்கு ஆகாது. என் தொட்டிகளில் பாதிக்கு மேல் முளைத்தன. தை மாதம் முதல் காய் பறித்தோம்.

இந்த வருஷம் அந்த வேலிமேல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே பந்தல் போட்டிருக்கிறார்களாம். வந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை. அந்த நடையை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.