புல் பண்ணையின் நாய்களும் சூப்பர்வைசரும்

அமீரகத்தில் அல் ஐன் பக்கத்துப் புல் பண்ணையில் தண்ணீர்க் குழாய்களைச் சரிபார்க்கப் போனபோதுதான் அந்தச் சூப்பர்வைசரைப் பார்த்தேன். இஸ்திரி கலையாத சட்டை, பெரிய வாட்ச், ஏசி ஓடும் பிக்கப். அவர் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டார். வேலை வாங்குவது என்றால் அவருக்கு ஹாரன் அடிப்பது.

அறுப்பு நாட்களில் பண்ணையின் மூன்று நாய்களுக்கும் ஓய்வில்லை. காய்ந்த புல்கட்டுகளை அவை முகர்ந்து வந்த பிறகே ஆட்கள் கை வைப்பார்கள்.

அன்று ஒரு நாய் ஒரு கட்டின் முன் நின்று விடாமல் குரைத்தது. சிவகங்கைக்காரத் தொழிலாளி ஒருவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"யல்லா, சீக்கிரம் தூக்குய்யா. நாய்கிட்ட பர்மிஷன் கேப்பியா?" என்றார் சூப்பர்வைசர்.

"பாம்பு கடிச்சா என் கைதானே சார் போகும். நீங்க எறங்கி வந்து தூக்குங்க, நான் பின்னாடியே வர்றேன்."

பதிலுக்கு ஹாரன்தான் வந்தது. தொழிலாளி கம்பால் கட்டைப் புரட்டினார். அடியில் விரியன் பாம்பு சுருண்டு கிடந்தது. சூப்பர்வைசர் உடனே வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

நான் கிளம்பும்போது கண்ணாடியை விரல் அகலம் இறக்கினார்.

"பாத்தீங்களாம்மா? இந்த நாய்ங்களாலதான் பாம்பு வருது. நாளைக்கே புடிச்சு வெளிய விடணும்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. இவரை வேலைக்கு எடுத்தவர் இன்டர்வியூவில் என்னதான் கேட்டிருப்பார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.