கல்லில் ஏற்றிய கார்

கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பிரேக்கில் கால் வைத்தால்தான் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும். மெதுவாகப் பிடித்தால் விரலோடு நிற்கும், வேகத்தில் பிடித்தால் முழங்கை வரைக்கும் ஏறும். வேறு ஊரில், வேறு காலத்தில் இது ஒரு விசயமே இல்லை. எங்கள் ஊரில் அந்த வருசங்களில் பிரேக் பிடிக்க வேண்டிய இடமெல்லாம் துவக்குத் தூக்கிய சிப்பாய் ஒருவன் நின்றான்.

சுனாமிக்கு அடுத்த வருசம் அந்தக் காரை வாங்கினேன். சாம்பல் நிறம், பழைய ஜப்பான் கார். வாடகைக்கு ஓட்டினேன். பெரும்பாலும் ஆசுபத்திரிக்குப் போகிற சனம்தான் ஏறும். கல்லடியில் இருந்து மட்டக்களப்புப் பட்டணத்துக்குப் போக வாவிக்கு மேலால் பழைய பாலம், ஒரு வாகனம் போகிற அகலம். பாலத்து வாசலில் சோதனைச் சாவடி. ஒரு நாள் காலையில் ஒரு சிறுநீரக வருத்தக்காரரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்து பிரேக் பிடித்தேன். சிப்பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான்.

"ஏய், கை என்ன நடுங்குறது? பயமா?"

"பயம் இல்ல சேர். பிரேக் புடிச்சா கார் இப்பிடித்தான் ஆடும்."

"காருக்கு பயமா?" என்று அவன் கேட்க, பின்னால் நின்றவன் சிரித்தான். காரைப் பின்னுக்கு எடுத்து, திரும்ப வந்து பிரேக் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். இன்னொரு தரம் என்றார்கள். பிடித்தேன். நடுக்கம் காரில் இருந்துதான் வருகிறது என்று குழந்தைக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் எங்களை இறக்கி, இருக்கையைக் கழற்றி, கதவுக்குள் கம்பி விட்டுப் பார்த்தார்கள். நோயாளி வெயிலில் நின்று வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு நான் அந்த இடத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் இதே கூத்து. கை நடுங்குகிறவன் குற்றவாளி. அதுதான் அவர்கள் சட்டம்.

ஏறாவூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். முஸ்லிம் ஆள், மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் பிடிவாதம். முதல் நாள் டயர் என்றார். சக்கரங்களைச் சமன்படுத்திப் பார்த்தோம், நடுக்கம் போகவில்லை. அடுத்தது ஸ்டியரிங் மூட்டு என்று மாற்றினார். போகவில்லை.

"காக்கா, டயர் எண்டா ஓடக்குள்ளயும் ஆட வேணுமே. பிரேக் புடிச்சா மட்டும்தான் ஆடுது. நான் சொல்றது உங்களுக்கு விளங்குதா இல்லையா?"

"நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

"நீங்கதான். அதாலதான் ரெண்டு தரம் காசு தந்திருக்கன்."

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தார். பிறகு, "ஓட்டிப் பாக்காம சொல்ல ஏலா மனே. ஸ்டியரிங் ஆடினா பிழை முன்னுக்கு, சீட் ஆடினா பின்னுக்கு. ஆனா அதுக்கு நல்லா ஓடி வந்து புடிக்க வேணும். எந்த ரோட்டுல புடிக்கிற? சென்றியில ஆமிக்காரனக் கண்டு சடக்கெண்டு நிப்பாட்டினா சுட்டுப்போட்டு மறுகாத்தான் ஆர் எண்டு கேப்பான்" என்றார்.

உண்மைதான். மட்டக்களப்பு முழுக்கத் தேடினாலும் வேகமாக ஓடி வந்து பிரேக் பிடிக்க ஒரு துண்டு வீதி இல்லை. கல்லடிக் கரையில் மட்டும் இருந்தது. கடல் வீடுகளை அள்ளிக்கொண்டு போன இடம். வீதியின் இரண்டு பக்கமும் அத்திவாரங்கள், ஒரு கிணற்றுக் கட்டு, அங்கொன்று இங்கொன்றாகப் பனை. மனிதர் இல்லாதபடியால் காவலுக்கும் ஆள் இல்லை. காக்காவை ஏற்றிக்கொண்டு அங்கே போனேன்.

அறுபதில் ஓடி வந்து பிடித்தேன். ஸ்டியரிங் ஆடியது, இருக்கை ஆடவில்லை. அடுத்த ஓட்டத்தில் பிரேக்கைத் தொடாமல் கைப்பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்தேன். கார் அசையாமல் வேகம் குறைந்தது. கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். அப்படியானால் கோளாறு முன்னால்.

"முன் பிரேக் டிஸ்க்" என்றார் காக்கா.

"நான் அத முதலே..."

"வாய மூடு. பின்னால பார்."

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். சீருடை இல்லாத ஆயுதக் குழு ஆட்கள். பட்டணத்தில் அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருந்தது, அரசாங்கம் கண்டும் காணாமல் விட்டிருந்தது. அவர்கள் வந்து கார் கேட்டால் திறப்பைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாளில் கார் திரும்பி வரும், கழுவித் துடைத்திருக்கும். அதில் ஏற்றிக்கொண்டு போன ஆள் திரும்பி வர மாட்டான். அவனுடைய வீட்டார் காரைத்தான் கண்டிருப்பார்கள், காரைத்தான் தேடுவார்கள். ஊரில் கார் வைத்திருந்த ஒவ்வொருவனுக்கும் இந்தப் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது.

ஒருவன் என் பக்கத்துக் கண்ணாடியில் கையை ஊன்றினான். மீசை சரியாக முளைக்காத முகம்.

"என்ன அண்ணன், ரேஸ் ஓடுறீங்களா? நல்லா ஓடுதே கார். நாளைக்கு எங்களுக்கு ஒரு அலுவல் கிடக்கு."

நான் வாயைத் திறக்க முதல் காக்கா சொன்னார்: "தம்பி, கொண்டு போறதெண்டா கொண்டு போங்க. ஆனா பிரேக் புடிச்சா பேயாட்டம் ஆடும். அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கம்."

அவன் நம்பவில்லை. என்னை இறக்கிவிட்டு ஏறி ஓட்டினான். வீதியின் அந்தத் தலைப்புவரை போய்க் கிறுகித் திரும்பி வந்தான். பிரேக் பிடித்ததும் ஸ்டியரிங் அவனை உலுப்பியது. இறங்கிக் கதவை அடித்துச் சாத்தினான்.

"சனியன் புடிச்ச காரா கிடக்கு. திருத்திப்போட்டு ஒபிசுக்குக் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பம். வராட்டி எங்கட ஆள் வந்து திருத்துவான்."

போய்விட்டார்கள். காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். நான் காரை ஏறாவூருக்குத் திருப்பினேன்.

கராஜில் முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி இரண்டு சக்கரத்தையும் கழற்றினோம். ஓர் ஆணியைக் கம்பியால் கட்டி, அதன் முனை டிஸ்க்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்தினார். டிஸ்க்கைக் கையால் சுற்றினார். ஒரு பக்கம் வரும்போது ஆணி கிறீச்சிட்டது, மறுபக்கத்தில் நகம் போகிற இடைவெளி. டிஸ்க் நேராக இருக்கவில்லை. சுத்தியலால் தட்டிக் கழற்றிப் பின்பக்கத்தைத் திருப்பினார். அது பொருந்துகிற இடத்தில் துருக் கறள் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. கறளுக்கு இடையில் சீமெந்து போல் இறுகிய மண். காக்கா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்பு."

மலைநாட்டில் ஓடின கார், கடலைக் கண்டதே இல்லை என்று சொல்லி விற்றவனை அந்த இடத்திலேயே தூசணத்தால் திட்டினேன். கார் சுனாமியில் கடலுக்குள் கிடந்திருக்கிறது. கறள் வருசா வருசம் தடித்து டிஸ்க்கை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது. கடல் வந்தபோது உள்ளே யாராவது இருந்தார்களா என்று நான் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது?

"கம்பித் தூரிகையால சுரண்டி, லேத்துல ஒரு இழுவ இழுத்தா பின்னேரம் புதுக்கார்" என்றார் காக்கா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

திருத்தினால் வெள்ளிக்கிழமை அவர்கள் எடுப்பார்கள். திருத்தாவிட்டால் அவர்களே திருத்தி எடுப்பார்கள். என் காரில் ஒருவனைக் கொண்டுபோய்க் கொல்லப் போகிறார்கள். வேறு எதுவும் யோசிக்க இருக்கவில்லை.

"பூட்ட வேணாம் காக்கா."

"என்ன?"

"டிஸ்க் ரெண்டையும் கொண்டுபோய் எங்கயாவது எறியுங்க. பின்சக்கரத்தையும் கழட்டுங்க. நாலு பக்கமும் கல்லுல ஏத்துங்க."

"சோத்துக்கு என்ன செய்வாய்?"

"மண் திம்பன். உங்களுக்கென்ன?"

அன்றைக்கு அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கல் எடுத்து வந்தார்.

வெள்ளிக்கிழமை அவர்கள் கராஜுக்கு வந்தார்கள். டிஸ்க் வெடித்துவிட்டது, கொழும்பில் இருந்து வர வேண்டும் என்று காக்கா சொன்னார். மீசையில்லாதவன் காரைச் சுற்றி நடந்து, கல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். "நல்ல வேல செய்திருக்கிறீங்க" என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையோடு நான் பல மாதம் தூங்கினேன்.

அன்று பின்னேரம் அவர்கள் வேறு கார் எடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவனுடைய கார். அதுவும் சாம்பல் நிறம். ஞாயிறன்று அது கழுவித் துடைத்தபடி திரும்பி வந்ததை என் கண்ணால் கண்டேன். அவன் அதைக் கொட்டிலுக்குள் தள்ளித் தறப்பாள் போட்டு மூடினான்.

யுத்தம் முடியும் வரைக்கும் நான் கூலி வேலை செய்தேன். வயல் வட்டையில் வரம்பு கட்டினேன், மீன் பெட்டி சுமந்தேன். யுத்தம் முடிந்த மே மாதம் வீதியில் வெடி கொளுத்திக் கொடியோடு ஓடினார்கள். யாருடைய கொடி, யாருடைய வெடி என்று நான் சொல்லத் தேவையில்லை. சில மாதம் கழித்துப் புது டிஸ்க் இரண்டு வாங்கிப் பூட்டினோம். கார் சொன்ன இடத்தில் அசையாமல் நின்றது. எனக்கு அதில் ஒரு சந்தோசமும் வரவில்லை.

ஓடத் தொடங்கிய முதல் கிழமையே ஒரு அம்மா எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். கையில் மகனுடைய படம், பொலித்தீன் உறையில். காரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"சாம்பல் கார் எல்லாம் பாத்துக்கிட்டு வாறன் மகன். இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு."

பின்பக்கம் போய்க் கண்ணாடியைத் தடவினார். மகனை ஏற்றிய காரின் பின்கண்ணாடியில் கீழ்மூலையில் ஒரு வெடிப்பு இருந்ததாம். என் கண்ணாடியில் இல்லை.

"இது இல்ல" என்றார். "வேற ஆருட்டயும் இந்த நிறத்தில இருக்கா மகன்?"

இருந்தது. அந்தக் கார்க்காரன் கெட்டவன் இல்லை. துவக்கைக் கண்டு திறப்பைக் கொடுத்தான், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இப்போது வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கூட்டங்களில் முன்வரிசையில் இருந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

"வாங்க அம்மா, காட்டுறன்" என்றேன்.

நடந்துதான் போனோம். அவன் கொட்டிலில் நின்றான். என்னைக் கண்டதும், "இவவ என்னத்துக்குடா... என்னத்துக்கு இஞ்ச கூட்டி வந்தாய்?" என்று கத்தினான். அம்மாவின் கையில் இருந்த படத்தைக் கண்டதும் கத்துவதை நிறுத்தினான். அவர் தறப்பாளைத் தானே இழுத்துவிட்டார். பின்கண்ணாடியைப் பார்த்தார். கீழ்மூலையில் இருந்த வெடிப்பை விரலால் தொட்டார். கதவைத் திறந்து, பின்சீட்டின் நடுவில் ஏறி இருந்தார். படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

நாங்கள் இரண்டு பேரும் வெளியில் நின்றோம். வீதியால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, படலைக்கு நேரே மெதுவாகி, பிறகு போனது. கார்க்காரன் என்னைப் பார்த்தான். நான் வீதியைப் பார்த்தேன். பொழுது படும் வரைக்கும் அந்த அம்மா காரை விட்டு இறங்கவில்லை.