பீரங்கிக்கு எண்ணெய்க்காப்பு

எங்கள் கல்லூரிப் பீரங்கி, கக்கூஸ் தொட்டிக்குக் குழி தோண்டியபோது கிடைத்தது. ஆண்டு மலரில் ‘புதிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகையில்’ என்று போட்டிருக்கும். அப்படி எழுதிக் கொடுத்தவன் நான்தான், வரலாற்றுத் துறை விரிவுரையாளர்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மதுரையைச் சுற்றி அரிசி ஆலை வைத்திருந்தவர்கள் எல்லாம் கல்லூரி வைத்துத் தாளாளர் ஆகிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தாளாளரும் ஆலைக்காரர்தான். ஒத்தக்கடையைத் தாண்டி, நெல் விளைந்த வயலில் மண்ணடித்து மேடாக்கி, அதன்மேல் கல்லூரி கட்டியிருந்தார். நெல்லை எப்படிப் பார்ப்பாரோ அப்படியேதான் ஆசிரியர்களையும் பார்ப்பார். கையில் அள்ளி, ஊதி, பதர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவார்.

பீரங்கி நாலு முழ நீளம் இருந்தது. தகவல் போய்த் தாசில்தார் வந்தார். தங்கமில்லை, இரும்புதான் என்று தெரிந்ததும், ‘மேலிடத்துக்கு எழுதுகிறேன்’ என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். மேலிடம் இன்றுவரை பதில் போடவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் அந்தப் பீரங்கிக்குச் சொந்தம் கொண்டாட வம்சங்கள் கிளம்பிவிட்டன. ஒத்தக்கடையிலிருந்து நகரம் வரைக்கும் சுவரெல்லாம் போஸ்டர். ‘எங்கள் பாட்டன் வெள்ளையனைச் சுட்ட பீரங்கி’ என்று ஒரு போஸ்டர். அதன் மேலேயே பசையைத் தடவி ‘எங்கள் பாட்டன்’ என்று இன்னொரு போஸ்டர். அத்தனை பாட்டன்களும் சுட்டிருந்தால் வெள்ளைக்காரன் கப்பலை விட்டே இறங்கியிருக்க மாட்டான்.

தாளாளரின் கவலை வேறு. பீரங்கியின் பின்பக்கம் திறந்து கிடந்தது. நாம் படத்தில் பார்க்கும் பீரங்கிக்குப் பின்னால் கெட்டியாக ஒரு குமிழ் இருக்குமே, அந்த இடத்தில் இதற்குத் தொட்டில் மாதிரி ஒரு பள்ளம், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு துவாரம்.

“பின்னாடி ஒடஞ்சு கெடக்கு சார். வெல்டிங் பட்டறையில சொல்லிட்டேன். ஒரு தகடு வச்சு அடச்சுட்டா புதுசு மாதிரி ஆயிரும்” என்றார்.

பட்டறைக்காரர் சிலிண்டரோடு வந்தே விட்டார். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். அதனால் வந்த திமிர்தான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம்.

“அது உடையல சார். செஞ்சதே அப்படித்தான்” என்று விளக்கினேன். வழக்கமான பீரங்கிக்கு வாய்வழியாக வெடிமருந்தைப் போட்டு இடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முன்னால் போய் எதிரிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இந்த அவஸ்தை எதற்கு என்று ஆதிகாலத்திலேயே எவனோ ஒரு கொல்லன் யோசித்திருக்கிறான். கைப்பிடி வைத்த கனத்த இரும்புக் குவளை ஒன்றைத் தனியாகச் செய்தான். மருந்தை அதில் அடைத்து, பின்னால் உள்ள பள்ளத்தில் படுக்க வைத்து, அதன் வாயைக் குழாயோடு பொருத்தி, பின்புறம் அந்த இரு துவாரங்களின் வழியே ஓர் ஆப்பை அடித்து இறுக்கிவிட்டால் போதும். சுட்டதும் ஆப்பைத் தட்டிக் குவளையை எடுத்துவிட்டு, தயாராக இருக்கும் அடுத்த குவளையை வைக்கலாம்.

யோசனை பிரமாதம். ஆனால் குவளையும் குழாயும் சேரும் இடத்தில் எவ்வளவு இழைத்தாலும் சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாக நெருப்பு சீறும். ஆப்பு நழுவினால் குவளையே பின்னால் பாயும். எதிரிக்கு எவ்வளவு ஆபத்தோ அதே அளவு ஆபத்து சுடுகிறவனுக்கும். அதனால்தான் உலகம் இந்த வித்தையைப் பெரும்பாலும் ஓரம்கட்டிவிட்டு, நல்ல பட்டறைகள் வருகிறவரை வாய்வழியையே நம்பிக் கிடந்தது.

தாளாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “சரி, அந்தச் சொம்பு எங்க?”

அரிசி ஆலைக்காரர் கேட்ட அந்தக் கேள்வி என் நெறியாளர் ஆறு வருஷமாகக் கேட்காதது. நான் அப்போது பழைய பீரங்கிகளைப் பற்றிப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். செய்துகொண்டே இருந்தேன் என்பது பொருத்தம். ‘இதுல புதுசா என்ன இருக்கு?’ என்று நெறியாளர் கேட்கும்போதெல்லாம் நான் புதிதாக ஒரு நோட்டு வாங்குவேன்.

சொம்பு கிடைத்தது வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில், பங்குனித் திருவிழாவில். உடன் வேலை பார்த்தவர் கறிச்சோறுக்கு அழைத்திருந்தார். இலையில் உட்கார்ந்திருக்கிறேன், சாமி புறப்பாட்டுக்கு வேட்டுப் போட ஆயத்தம் நடக்கிறது. பொட்டலில் இரும்பு வேட்டுக்குழாய்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவதாக நின்றது குழாய் இல்லை. கைப்பிடி வைத்த குவளை. நான் எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். எலும்பு தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்து ஒருவர் தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடிவந்தார்.

வேட்டுக்காரருக்கு என் வயதுதான். டி.வி.எஸ். ஐம்பது வைத்திருந்தார். ‘வாணவேடிக்கை, அதிர்வேட்டு, சவுண்ட் சர்வீஸ்’ என்று அச்சடித்த விசிட்டிங் கார்டும் வைத்திருந்தார். என்னிடம் இரண்டுமே கிடையாது.

“இவன் பேரு மூத்தவன் சார்” என்று குவளையைக் காட்டினார். “எங்க பாட்டன் பூட்டன் காலத்துச் சாமான். மூத்தவன் எந்த வீட்டுல முழுசா இருக்கானோ அந்த வீட்டுக்குத்தான் மொத வேட்டு. சாமிக்கு அடுத்து பரிவட்டமும் எங்களுக்குத்தேன். பங்காளிக வீட்டுல இதுக்குத்தான் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருக்காய்ங்க.”

பேசிக்கொண்டே மருந்தைப் போட்டார், செங்கல் தூளைப் போட்டு இடித்தார், திரி வைத்தார். மூத்தவன் வானத்தைப் பார்த்து ஒரு முழக்கம் முழங்கினான். பொட்டலே அதிர்ந்தது. கல்லூரியில் பீரங்கி என்று பெயர் எடுத்தது போஸ்டரில் மட்டும் வெடித்துக்கொண்டிருக்க, அதன் வயிறாக இருந்தது இங்கே வருஷந்தவறாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் நூலை வைத்து அளந்தேன். என் நோட்டில் குறித்திருந்த பள்ளத்தின் அளவோடு பொருந்தியது. எனக்கு முனைவர் பட்டம் கண்ணில் தெரிந்தது.

இரவல் கேட்க ஆறு மாதம் அலைந்தேன். ‘ஒரு கீறல் விழுந்தாலும் என் மானம் போயிரும் சார்’ என்பதே ஒவ்வொரு தடவையும் பதில். கடைசியில் ஒன்று சொன்னேன். “உங்க குடும்பத்துப் பேரு என் ஆராய்ச்சிப் புத்தகத்துல வரும்.” அவர் மூத்தவனைத் துண்டில் சுற்றி டி.வி.எஸ்.ஸின் முன்னால் வைத்துக் கட்டினார்.

நாள் குறித்தவர் தாளாளர். “ஆயுத பூசைக்கு ஆயுதமே இல்லாம வருசா வருசம் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சிக்கிட்டிருக்கோம். இந்த வருசம் பீரங்கிய வெடிப்போம்” என்றார். சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி வர ஒப்புக்கொண்டார். வெறும் வேட்டுத்தான், குண்டு கிடையாது.

முந்தின நாளே பட்டறையில் இரும்பு ஆப்பு அடித்து வாங்கி, வேட்டுக்காரரே சம்மட்டியால் இறுக்கிப் பார்த்தார். ஆட்டினார். அசையவில்லை. “இப்ப ஆனை இழுத்தாலும் வராது” என்றார். அத்தோடு விட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

மறுநாள் காலை பூஜைக்குப் பொறுப்பு கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்களுக்கும் காவலாளிக்கும். அவர்கள் பக்தியில் குறை வைக்கிறவர்கள் இல்லை. ஆப்பைத் தட்டி எடுத்தார்கள். குவளையைக் கழற்றினார்கள். புளியும் தேங்காய் நாரும் போட்டு மூன்றையும் தனித்தனியாகத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். பிறகு, சாமி சிலைக்குச் செய்வது போலவே, முழுக்க நல்லெண்ணெய்க் காப்பு. குவளைக்கு எண்ணெய். பள்ளத்துக்கு எண்ணெய். ஆப்புக்கு உச்சி முதல் பாதம் வரை எண்ணெய். மறுபடி மாட்டி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது.

வேட்டுக்காரர் வந்ததும் ஆப்பைத் தொட்டுப் பார்த்தார். விரலைத் தேய்த்து முகர்ந்தார். நேராக என்னிடம் வந்தார்.

“சார், ஆப்புக்கு எண்ணெ போட்டிருக்காக. வழுக்கிரும். கழட்டிச் சுத்தமாத் தொடச்சிட்டு அடிக்கணும். பத்தே நிமிசம் குடுங்க.”

அதே நேரம் அதிகாரியின் கார் கதவு திறந்தது. போட்டோக்காரர் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படம்தான் என் ஆய்வேட்டின் முதல் பக்கம்.

“இப்பத்தான் சந்தனம் வச்சிருக்காங்க. தொடச்சா போட்டோவுல அசிங்கமா இருக்கும். வெறும் வேட்டுத்தானே, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஆப்பு நழுவினால் குவளை பின்னால் பாயும் என்று அந்த ஊரில் படித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் நான்.

“படிச்சவுக சொல்றீக” என்றார் அவர். குவளையைக் கழற்ற விடாததால், மருந்தைப் பாதியாகக் குறைத்து, நீளக் கரண்டியில் வைத்து முன்வாய் வழியாகவே போட்டார். பிறகு நாற்காலிகளைப் பார்த்தார். பீரங்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆபத்து என்று, பிரமுகர்களின் நாற்காலிகளையெல்லாம் சரியாக அதன் பின்னால் போட்டிருந்தோம். நடுவில் தாளாளருக்கு டர்க்கித் துண்டு விரித்த சிம்மாசனம். வேட்டுக்காரர் எல்லோரையும் எழுப்பி, நாற்காலிகளைப் பக்கவாட்டில் தூரமாகத் தள்ளினார். “ஏம்ப்பா, யாரு நாற்காலிய யாரு தூக்குறது?” என்று தாளாளர் எகிறினார். வேட்டுக்காரர் காதில் வாங்காமல் சிம்மாசனத்தையும் தூக்கிக்கொண்டு போனார்.

திரி எரிந்தது. முழக்கம் முன்னால் கேட்டது, நெருப்பு நடுவில் சீறியது, மூத்தவன் பின்னால் கிளம்பினான். சற்றுமுன் சிம்மாசனம் இருந்த இடத்தின் வழியே போய், புதுக் கட்டடத் திறப்பு விழாக் கல்வெட்டில் மோதினான். தாளாளர் பெயரில் பாதி உதிர்ந்தது. யாருக்கும் காயமில்லை. ஒரு நிமிஷம் கழித்து எல்லோரும் கைதட்டினார்கள், நிகழ்ச்சியே அப்படித்தான் போலிருக்கிறது என்று.

வேட்டுக்காரர் மட்டும் ஓடிப்போய்க் குனிந்தார். மூத்தவனுக்கு விளிம்பிலிருந்து இடுப்பு வரை விரிசல்.

“மருந்த அம்புட்டு அமுக்கினா வேற என்ன ஆகும்?” என்றார் தாளாளர். மறுநாள் செய்தித்தாளிலும் ‘வேட்டுக்காரரின் கவனக்குறைவு’ என்று வந்தது. நான் மறுப்பு எழுதவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் ஊரில் கூட்டம். விரிசலைப் பற்றவைத்தாலும் ஒட்டுப்போட்ட இரும்பு சாமிக்கு ஆகாது, மூத்தவன் முழுசாக இல்லை, முதல் வேட்டு எங்களுக்கு என்று பங்காளிகள் கேட்டிருந்தார்கள். வேட்டுக்காரர் மேல் தப்பில்லை என்றால் ஒரு வருஷம் தவணை கொடுத்து, பரிகாரம் செய்து முதல் வேட்டை அவரே வைத்துக்கொள்ள விடலாம் என்பது ஊர்ப் பெரியவர்கள் பேச்சு. சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வேட்டுக்காரரே டி.வி.எஸ்.ஸில் வந்து வாடிப்பட்டியிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்.

“வாத்தியாரய்யா, தப்பு யாரு மேல? அதை மட்டும் சொல்லுங்க” என்றார் தலைவர்.

நான் பேசினேன். கால்மணி நேரம் பேசினேன். ஆதிகாலத்துப் பின்வாய்ப் பீரங்கிகளின் அமைப்பிலேயே குறை உண்டு என்றேன். சந்து என்றேன், வாயு என்றேன், அழுத்தம் என்றேன். அயல்நாட்டுக் கோட்டைகளில் எல்லாம் இப்படி நடந்திருக்கிறது என்றேன். ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது என்று முடித்தேன். என் தொழிலில் இது பெரிய திறமை.

தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். “ஒண்ணும் வெளங்கல. ஆக, கொறையுள்ள சாமான்னு தெரிஞ்சுதான் இந்தக் கழுதையில மருந்து போட்டிருக்கான்” என்றார். பரிவட்டம் பங்காளி வீட்டுக்குப் போனது.

வேட்டுக்காரரே திரும்பக் கொண்டுவந்து வாடிப்பட்டியில் நிறுத்தினார். ஆரப்பாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“நல்லாத்தேன் பேசுனீக சார்” என்றார். “எண்ணெய மட்டும் சொல்லாம விட்டுட்டீக.”

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அடுத்த வருஷம் எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. வாய்மொழித் தேர்வில் நெறியாளர் முதல்முறையாக, ‘புதுசா இருக்கு’ என்று சொன்னார். ஆய்வேட்டின் நான்காம் இயலில், குவளை பின்னோக்கிப் பாய்வதற்கான காரணங்கள் மூன்று என்று எழுதியிருக்கிறேன். எண்ணெய் அவற்றில் இல்லை. குவளையைத் தந்தவர் யார் என்பதும் இருக்கிறது, அடிக்குறிப்பில்: ‘உள்ளூர்த் தகவலாளர் ஒருவர்.’