திரைக்குள்ளே எடுத்த படம்

பாப்பாவுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது சேது அண்ணனின் மனைவி செல்வி அக்கா போன் செய்தார். "உங்க அண்ணனை வெட்டிட்டாங்கம்மா." மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, மூன்று பேர். கேமரா பிடிக்கும் வலது கையை முதலில் வெட்டியிருக்கிறார்கள். கழுத்து அதற்குப் பிறகுதான். முப்பதாம் நாளும் முடிந்து, தாமதமாகத்தான் இதை எழுதுகிறேன். பயம்தான் காரணம்.

சேது அண்ணனை உங்களில் பலர் காளவாசல் ஸ்டூடியோக்காரராக, உங்கள் கல்யாணப் படம் எடுத்தவராக அறிவீர்கள். கோயில் சிலைகளைப் பதிவு செய்யும் வேலையில் அவர் என் கூட்டாளி. அவர் படம் எடுப்பார். நான் அடையாளம் எழுதுவேன். அளவு தெரிய ஒவ்வொரு சிலைக்கும் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்துவார். பட்டும் பூவும் சந்தனமும் இல்லாமல் அம்மனை நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் மாட்டும் படங்களிலும் முகம் மட்டுமே தெரியும். "களவு போனா இதை வச்சு எவன் கண்டுபுடிப்பான்? சட்டம் சேலையைப் பாக்காதும்மா, உடம்பைத்தான் பாக்கும்" என்பார்.

திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். அபிஷேகம் முடிந்து, அலங்காரத்துக்காகத் திரை போட்டிருந்த நேரம். பூசாரி சம்மதித்துத்தான் உள்ளே இருந்தோம். 'இடது தோளில் நெல்மணி அளவு பள்ளம்' என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ஃப்ளாஷ் வெளிச்சம் திரையைத் தாண்டி, வெளியே நின்ற ஊர்க்காரர்கள் மேல் அடித்துவிட்டது.

"எங்காத்தாளை அம்மணமாப் படம் புடிக்கவாடா வந்த?"

அப்போது பாப்பா என் வயிற்றில் மூன்று மாதம். என்னைத் திரைக்குள்ளேயே தள்ளிவிட்டு அண்ணன் வெளியே போனார். "நான் கூப்பிடுற வரைக்கும் வெளிய வராதம்மா." உருட்டுக்கட்டை விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. கேமராவை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்தே அடி வாங்கினார். மூன்று விலா எலும்பு, இரண்டு முன்பல்.

மறு வருஷம் அதே அம்மன் களவு போனாள். அடித்த ஆட்களே ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணே... அந்தப் படம் இருக்காண்ணே?"

"இருக்கு மாப்ள. நீங்க அடிச்ச அடி அம்புட்டும் இருக்கு. எதை முதல்ல பிரிண்ட் போட?" என்று பல்லில்லாத வாயால் சிரித்தார்.

'புதிதாக வார்த்த தோட்டச் சிலை' என்ற சீட்டோடு அம்மன் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் பிடிபட்டாள். நம் அரசின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் பழஞ்சிலையை உள்ளே விடக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஆனால் அது பழையது, இந்தக் கோயிலுடையது என்று கெடுவுக்குள் நாம் நிரூபிக்க வேண்டும். தவறினால் வாங்கியவனுக்கே விட்டுவிடுவார்கள். இருந்தது அந்த ஒரு படம்தான். எடுத்தபோது உடனிருந்தவர்கள் கோர்ட்டில் உறுதி சொல்ல வேண்டும். பூசாரி முந்தியே இறந்துவிட்டார். அண்ணன் சாட்சி சொல்ல இரண்டு நாள் இருக்கும்போதுதான் வெட்டினார்கள். மிச்சம் நான்.

காரியம் முடிந்த வாரம் ஒரு போன். மரியாதையான குரல். "பாப்பா நல்லா ஓடுதாமேம்மா? ரோட்டுல கையப் புடிச்சே கூட்டிட்டுப் போங்க." அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. தூங்கும் பாப்பாவின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இன்று காலை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். இடது தோள், நெல்மணி அளவு பள்ளம். நான் பார்த்தேன், நான்தான் எழுதினேன் என்றேன். பாப்பாவை இறக்காமலே போட்டதால் கையெழுத்து கோணலாக விழுந்தது.

செல்வி அக்கா கொடுத்த அந்தத் தீப்பெட்டி என்னிடம் இருக்கிறது. அன்றைய அடியில் ஒரு மூலை நசுங்கியது. அண்ணன் சொன்ன அந்தப் பேச்சும் என்னிடம் இருக்கிறது. கூப்பிடும் வரை வரக் கூடாது என்றீர்கள். கூப்பிட நீங்கள் இல்லை. நானே வெளிய வந்துட்டேண்ணே.